விசுத்திப் பாடம்

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் டீச்சராக இருந்தேன். அறுபதுகளின் கடைசியில் கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தேன். என் கணவருக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் உத்தியோகம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் வீட்டுக்காரம்மாவின் மூத்த மகன், இன்னொன்றில் கல்யாணமாகாத இளைய மகன். விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். முதல் மாதம் தலைவலி வந்தது. அப்புறம் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

வந்த மறு வருடம், பிள்ளைகளுக்கு உயரம் தாண்டிக் காட்டப்போய் மணலுக்கு வெளியே விழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். டிரில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடி விசில் ஊதினால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். அந்தக் கோடை விடுமுறையில் உடற்கல்வி ஆசிரியைகளுக்கு மெட்ராஸில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. யோகாசனமும் அதில் ஒரு பாடம். இடுப்புக்கு ஏதாவது ஆகுமா என்று பார்க்கலாமென்றுதான் போனேன்.

அங்கே சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மெதுவாகப் பேசுவார், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். முகாம் முடிவதற்குள் என் இடுப்பு பாதிக்குமேல் சரியாகிவிட்டது. கடைசி வாரத்தில்தான் சக்கரங்களைப் பற்றிச் சொன்னார். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம், அதற்கு மேலே சுவாதிட்டானம், தொப்புளுக்கு நேரே மணிபூரகம், நெஞ்சில் அநாகதம், தொண்டையில் விசுத்தி, புருவ மத்தியில் ஆக்ஞை, உச்சியில் சகஸ்ராரம். இவை ஒன்றுக்கொன்று சமனாக இருந்தால் உடம்பும் மனசும் சமனாக இருக்கும் என்றார். அடித்துச் சொல்லவில்லை. தன் குரு அப்படிச் சொன்னார், தனக்கு அது உதவியது, செய்து பாருங்கள் என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் தினமும் காலையில் பின்கட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் மனதை வைத்தால் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. நெஞ்சில் வைத்தால் மூச்சு நீண்டது. புருவ மத்தியில் வைத்தால் அன்றைக்கு என்ன சமையல் என்ற யோசனைதான் வந்தது. ஆனால் முன்பெல்லாம் பொசுக்கென்று வரும் கோபம் குறைந்திருப்பதாக என் கணவர் சொன்னார். சங்கத்தில் யாரையும் புகழ்ந்து பேசாத மனிதர், அதனால் நம்பினேன்.

வீட்டுக்காரம்மாவின் மூத்த மருமகளுக்கு என் வயதுதான் இருக்கும். கணவருடைய தறியில் கோர்வை போடுவது அவள் வேலை. சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் ஒருவரால் நெய்ய முடியாது. நெய்பவர் ஊடை நூல் சுற்றிய நாடாவை நடுவே எறிய, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிந்து இரண்டையும் கோக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அவள் அங்கேயேதான். ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்கு வந்தவள், நான் முதுகை வளைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள். இதைச் செய்தால் முதுகுக் குடைச்சல் போகுமா என்று கேட்டாள். எனக்குப் போயிற்று என்றேன். மறுநாள் தன் பாயோடு வந்தாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பின்கட்டில் இடம் போதாமல் தெருக்கோடி பஜனைக் கூடத்தைச் சனிக்கிழமை சாயங்காலங்களில் கேட்டு வாங்கினோம். ஆண்கள் யாரும் அந்த நேரத்தில் உள்ளே வரக்கூடாது என்று பெண்களே சட்டம் போட்டார்கள்.

ஆசனங்களை மூன்று மாதம் போல நடத்திவிட்டு, சக்கரங்களுக்கு வந்தேன். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த படத்தைச் சுவரில் மாட்டினேன். உட்கார்ந்திருக்கும் ஒரு உருவம், முதுகுத்தண்டு நெடுகத் தாமரைகள். பட்டில் புட்டா போட்டதுபோல இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் கிட்டே போய் இதழ்களை எண்ணிப் பார்த்தார்கள். மூலாதாரம் மண் தத்துவம் என்று நான் சொன்னதும், அப்படியானால் ஏகாம்பரநாதர் மண் லிங்கம்தானே, நம்ம ஊர்தான் மூலாதாரம் என்றாள் எதிர்வீட்டுக்காரி. இல்லை, காமாட்சி இருக்கும் இடம் பூமிக்கே தொப்புள், நம்ம ஊர் மணிபூரகம் என்றாள் இன்னொருத்தி. அந்த வகுப்பு முழுக்க இந்த வழக்கிலேயே போயிற்று. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் கடலூர்க்காரி, எனக்கு எப்படித் தெரியும் என்று தப்பித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமைக்கு ஒரு சக்கரம் என்று நடத்தினேன். விசுத்தி வந்த அன்று, கழுத்துக்கான ஆசனங்கள் முடிந்ததும், தொண்டைக்குழியில் விரல்களை வைத்துக்கொண்டு கண்ணை மூடி, வாயைத் திறக்காமல் தேனீபோல ரீங்காரம் செய்யச் சொன்னேன். முதலில் வெட்கம், சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தியாகச் சேர, கூடம் முழுக்க ஒரே ஒலியாக நிறைந்தது. நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் மருமகளின் வாய் திறந்துகொண்டது. ரீங்காரம் கத்தலாக மாறியது. வார்த்தை எதுவுமில்லை, அடிவயிற்றிலிருந்து வரும் வெறும் சத்தம். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, கொண்டை அவிழ்ந்தது. நான் ஓடிப்போய் தோளைப் பிடித்தேன். புடவைக்கு மேலேயே சூடு தெரிந்தது.

"அம்மன் வந்துட்டாம்மா" என்றாள் யாரோ. அவ்வளவுதான். பாதிப் பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி கற்பூரம் எடுத்துவர ஓடினாள், ஒருத்தி வேப்பிலை ஒடித்துவந்தாள். மருமகள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் பாயில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுந்ததும் எல்லோரையும் பார்த்து மிரண்டாள். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களில் அவளைவிட மூத்தவர்களும் இருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை கூடம் கொள்ளவில்லை. பாயோடு வந்தவர்களைவிட எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்கள் அதிகம். மாமியாரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் ரீங்காரத்தை விட்டுவிட்டு எளிய ஆசனங்களை மட்டும் நடத்தினேன். ஆனால் அவளைச் சுற்றி எல்லோரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கண்ணை மூடிப் படுத்திருந்த நேரத்தில் அவளுக்கு மறுபடி வந்தது. இந்த முகூர்த்தத்துக்குள் சின்னவனுக்குப் பெண் அமையுமா என்று மாமியார் கேட்டார். அமையும் என்பதுபோல ஏதோ முனகினாள். அந்த முனகலை மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வந்தார்.

வீட்டில் எல்லாம் மாறியது. செவ்வாய், வெள்ளியில் அவள் தறியில் உட்கார வேண்டாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார். காப்பி முதலில் அவளுக்குப் போனது. அவளை எப்போதும் 'ஏய்' என்று கூப்பிடும் கணவர் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. டீச்சரம்மா சக்கரத்தைத் திறந்துவிட்டதால்தான் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்துகூட ஒரு குடும்பம் சைக்கிள் ரிக்ஷாவில் வந்து, தங்கள் பெண்ணுக்கும் சக்கரத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டது. தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பள்ளிக்கூட ஆசிரியை சாமியாட்டம் நடத்துவதாகப் பேச்சு வருகிறது, பார்த்துக்கொள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

எனக்கு உண்மையிலேயே என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் படித்த விசுத்திக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்றால், நான் தெரியாத ஒன்றைக் கிளறிவிட்டேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மெட்ராஸுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். குண்டலினி எழும்பிவிட்டதா என்று கேட்டேன்.

"அவ தூங்குறாளா, ஒழுங்கா சாப்பிடுறாளா, வீட்ல என்ன நடக்குதுன்னு மொதல்ல கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை என்றேன். அதைக் கேள், மூச்சுப் பயிற்சியையும் ரீங்காரத்தையும் அவளுக்கு நிறுத்து, நின்று செய்கிற ஆசனங்களை மட்டும் கொடு, கூட்டம் கூடினால் வகுப்பை மூடிவிடு என்று சொல்லி, சாப்பிடவைத்து அனுப்பினார்.

மறுநாள் மருமகள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு துணியை அலசிக்கொண்டே சொன்னாள். அவளுடைய மூத்த பெண் எங்கள் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படித்தாள். நீண்ட கால்கள், தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுபவள் அவள்தான். அரைப் பரீட்சைக்குப் பிறகு வரவில்லை. சித்தப்பாவுடைய தறிக்குக் கோர்வை போட ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருவில் அது சகஜம். நானும் ஒரு முறை கேட்டு, தறிக்கு ஆள் வேண்டும் என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். பெண்ணை நிறுத்திய அன்று தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த் தறியில் பிள்ளை குனிந்து உட்கார்ந்திருப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே தன் நாடாவை எறிந்துகொண்டிருந்தாள். ராத்திரியில் படுத்தால் தூக்கமில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை.

"நீங்க தொண்டையில கைய வெக்கச் சொன்னீங்க. வெச்சதும் கத்தணும்னு இருந்திச்சு, கத்திட்டேன். அது அம்மனா இல்லையான்னு எனக்கே தெரியல, டீச்சர். கத்தி முடிச்சுப் பாத்தா எல்லாரும் கும்புட்டுக்கினு இருக்காங்க."

இரண்டாவது தடவையும் அப்படித்தானா என்று கேட்டேன். அப்போது பயத்தில் வந்தது என்றாள். வராவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம்.

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, இதில் என்ன கஷ்டம், அடுத்த முறை அம்மன் வரும்போது பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொன்னால் மாமியார் தட்டுவாரா என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் அதை ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தாள்.

"அதெல்லாம் வேணாம் டீச்சர். அம்மன் வாயில என் காரியத்த வெச்சுப் பேசமாட்டேன். வந்தது அவளா இருந்தா அது தப்பு. நான்தான்னா பொய்யி."



அந்த வாரமே ஒரு நாள், காலைப் பலகாரம் முடிந்து இரண்டு தறியும் ஓட ஆரம்பித்த நேரம். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு தறி நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்றும் நின்றது. நடு முற்றத்தின் வழியாக எல்லாம் கேட்டது. மருமகள் எழுந்து நிற்கிறாள் என்பது மாமியார் கேட்ட கேள்வியிலிருந்து புரிந்தது. பெண் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று மருமகள் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். மாமியார் குரல் முதலில் பணிவாக இருந்தது. சொல்வது அம்மனா என்று கேட்டார்.

"இல்ல அத்த. நான்தான் சொல்றேன்."

"அப்ப இத்தினி நாளு என்னை ஏமாத்திக்கினு இருந்தியா?"

"ஏமாத்தல. அது இன்னான்னு எனக்குத் தெரியாது. இது மட்டும் தெரியும், இது நான் பேசறது."

பிறகு மாமியார் பேசியதைத் தெருவே கேட்டது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் கோபத்திலும் எனக்கு ஒரு நியாயம் தெரிந்தது. வீட்டில் அம்மன் இருக்கிறாள் என்று நம்பி, வயதில் சின்னவளின் காலைத் தொட்டவர் அவர். ஒரு காலை நேரத்தில் அது இல்லையென்று ஆகிவிட்டது.  மருமகள் அன்று முழுக்கத் தறியில் உட்காரவில்லை. அம்மன் பெயரில் கிடைத்த ஓய்வு நாட்களைப்போல இல்லை இது. யாரும் அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. அவள் கணவருடைய தறியில் அன்று நெசவு ஒரு முழம்கூட நகரவில்லை. மறுநாள் காலை அவளாகவே போய் உட்கார்ந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும், சாப்பாட்டு நேரத்தில், அதே குரலில் அதையே ஒருமுறை சொன்னாளாம். சண்டை போடுவதில்லை. சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவாள்.

பலன் என்று பார்த்தால் முதலில் எங்களுக்குத்தான் வந்தது. பின்கட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வேறு வீடு பார்த்துப் போனோம். அங்கே தறிச் சத்தம் இல்லை. பஸ் சத்தம் இருந்தது. மருமகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை. குறி கேட்க வந்த கூட்டம் அம்மன் வராத கூடத்துக்கு ஏன் வரப்போகிறது? கலைந்துவிட்டது. முதுகு வலிக்காக வந்த பழைய பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றிவிட்டேன். அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டதாகச் சொல்ல முடியாது. நான் காலையில் செய்வதை விடவில்லை. ஆனால் சக்கரம் திறக்கிறது, எழும்புகிறது என்ற வார்த்தைகளை அப்புறம் நான் யாரிடமும் பயன்படுத்தவில்லை. தொண்டையில் மனதை வை, அங்கே இறுக்கம் இருக்கிறதா பார், இருந்தால் மூச்சு விடு, அவ்வளவுதான் சொன்னேன். யாருக்காவது அழுகை வந்தால் அழவிட்டு, வகுப்பு முடிந்ததும் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். பேசத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தெருவை எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அதுவரை அங்கே வாடகைக்கு இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு அந்த வருடம் போனது போனதுதான். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்பு வரிசையில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக வந்து நின்றாள்.  விசாரித்ததில், சித்திரையில் அவள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புது மருமகள் நெசவு தெரிந்த வீட்டுப் பெண், அவள் கோர்வைக்கு உட்கார்ந்தாள். தாய் தினமும் சொன்னதால் அனுப்பினார்களா, ஆள் கிடைத்ததால் அனுப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கும். ஒருத்தி எழுந்த இடத்தில் இன்னொருத்தியை உட்காரவைத்தார்கள் என்பதும் உறுத்தத்தான் செய்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை மூத்த மருமகள் கூடத்துக்கு வந்தாள். கூடவே புது மருமகளும் வந்தாள். மாமியார் எப்படி விட்டார் என்று கேட்டேன். சின்னவளுக்கு இப்போதே இடுப்பு வலி, போய்வரச் சொல்லி அத்தையே அனுப்பினார் என்றாள். அத்தை இப்போது இவளோடு பேசுகிறாராம், முன்போல இல்லையென்றாலும் பேசுகிறாராம்.

வகுப்பு முடியப்போகும் நேரத்தில், அந்த ரீங்காரத்தைச் செய்யலாமா என்று அவளே கேட்டாள்.  வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் கெஞ்சல் இல்லை, வீம்பும் இல்லை. சரி என்று அவள் பக்கத்திலேயே முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எல்லோரும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன், நானும்தான். அவள் தொண்டையில் விரலை வைத்து ரீங்காரம் செய்தாள். மூச்சு முடிந்ததும் இழுத்துக்கொண்டு மறுபடி செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் இருமல் வந்தது. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. வகுப்பை யார் நடத்துவது என்று பெண்கள் கேட்டபோது எல்லோருடைய பார்வையும் அவள் பக்கம் போனது. தனக்கு வடமொழிப் பெயரெல்லாம் வாயில் நுழையாது என்றாள். பெயர் இல்லாமல் நடத்து என்றேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு விளையாட்டுப் போட்டிக்காக மாணவிகளைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போயிருந்தேன். சனிக்கிழமையாக இருந்ததால் சாயங்காலம் பஜனைக் கூடத்துக்குப் போனேன். அவள் முன்னால் நின்றுகொண்டு, வயிற்றுக்குள் விளக்கு எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று பேசினோம். பெண் கணக்கில் ஒரு முறை தவறி, மறுமுறை எழுதி எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டாள், ஆரணிப் பக்கம் வரன் வந்திருக்கிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று தான் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அத்தைக்குக் கண் புரை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கூப்பிட்டாள். மாணவிகள் விடுதியில் காத்திருப்பார்கள் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. தறியில் ஒரு முகூர்த்தச் சேலை முடியும் தறுவாயில் இருந்தது, மறுநாள் அறுத்துக் கொடுத்தாக வேண்டும். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து போனாள்.